நடைவண்டி வந்து சேர்ந்தது, சண்முகம்

அல்சூர், பெங்களூரு
ஞாயிறு இரவு

அன்புள்ள சண்முகம்,

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன்: கவின் நன்றாக இருக்கிறான். மேலே படிக்கும்போது பதறாதே.

நீ அனுப்பிய நடைவண்டி வந்து மூன்று மாதம் ஆகிறது. ‘கிடைத்தது’ என்று ஒரு வரி மெசேஜ் போட்டதோடு சரி, அதற்கப்புறம் நான் வாயே திறக்கவில்லை. தப்புதான். சாக்கில் சுற்றி, சணல் கட்டி, சக்கரத்துக்கு மட்டும் தனியாக வைக்கோல் வைத்து நீ அனுப்பியிருந்த பக்குவத்தைப் பார்த்து அம்மா கண் கலங்கிவிட்டாள். பெரியப்பா கையால் செய்த வண்டி, நீயும் கோமதியும் நடை பழகிய வண்டி, இங்கே மூன்றாவது மாடியில் என் பையனுக்கு வந்திருக்கிறது. அதைப் பிரித்த அன்றைக்கே உனக்கு எழுதியிருக்க வேண்டும்.

போனில் சொல்லலாமே என்பாய். நீ ஸ்பீக்கரில் போட்டுத்தான் பேசுவாய், கல்லாவுக்குப் பக்கத்தில் பெரியப்பா உட்கார்ந்திருப்பார். இதை அவர் அப்படிக் கேட்கக் கூடாது. அதனால்தான் காகிதம். படித்துவிட்டு நீயே யோசித்து, அவரிடம் எப்படிச் சொல்ல வேண்டுமோ அப்படிச் சொல்.

ஊர்ச் செய்தியெல்லாம் முருகேசன் மூலமாக வந்துவிடுகிறது. ஆடித்தபசுக்கு நான் வரவில்லை என்று நீ முறுக்கிக்கொண்டு திரிவதாகச் சொன்னான். முருகேசன் சொல்வதில் பாதியைத்தான் நம்ப வேண்டும் என்று நாம் எட்டாம் வகுப்பிலேயே முடிவு செய்ததுதானே. பிரியாவுக்குப் பிரசவ விடுமுறை 26 வாரமும் முடிந்து வேலைக்குப் போகிறாள். அம்மா இங்கேதான் இருக்கிறாள், முழங்கால் வலி அப்படியே இருக்கிறது.

சரி, கவினுக்கு வருகிறேன்.

பத்து மாதம். தவழ்கிறான், எதையாவது பிடித்து எழுந்து நிற்கிறான். கையில் அகப்பட்டது எதுவானாலும் அடுத்த நொடி வாயில் இருக்கும். ரிமோட், செருப்பு வார், அம்மாவின் மூக்குக் கண்ணாடி, மாப் குச்சி, போன வாரம் சுவரோரம் காய்ந்து கிடந்த தோசைத் துண்டு. இந்த வயதில் குழந்தைக்குக் கையைவிட வாய்தான் கூர்மை. கெட்டியா, மிருதுவா, வழவழப்பா, சொரசொரப்பா என்று உதடும் நாக்கும்தான் அதற்கு முதலில் சொல்கின்றன. புதுப் பொருள் ஒன்றைக் கொடுத்துவிட்டு அவன் முகத்தைப் பார்க்க வேண்டும், சண்முகம். வாயில் வைத்து, கண்ணை எங்கோ நிறுத்தி, கணக்குப் போடுகிறவன் மாதிரி அப்படியே நிற்பான். அப்புறம் வெளியே எடுத்து, திருப்பிப் பார்த்து, மறுபக்கத்தை வைப்பான்.

இதை வைத்து வீட்டில் பெரிய போராட்டமே நடந்தது. ஏழாம் மாதத்தில் அவனுக்கு வயிற்றுப்போக்கு வந்தது. மூன்று நாள். ஓஆர்எஸ் தண்ணீரை ஸ்பூன் ஸ்பூனாக ஊட்டிக்கொண்டு இரவெல்லாம் உட்கார்ந்திருந்தோம். துத்தநாக மருந்தை 14 நாள் விடாமல் கொடுக்கச் சொன்னார்கள், கொடுத்தோம். சரியாகிவிட்டது. ஆனால் பிரியாவுக்குள் ஒரு பயம் இறங்கிவிட்டது. பொம்மை, ஸ்பூன், கிலுகிலுப்பை எல்லாம் தினம் கொதிக்கும் தண்ணீரில். தரைக்கு இரண்டு வேளை பினாயில். எங்களுக்குப் பாதி நாள் டேங்கர் தண்ணீர், எந்த போர்வெல்லிலிருந்து வருகிறதோ, அதனால் அவள் பயத்தை நான் குறை சொல்ல மாட்டேன். அம்மாவோ, “நீங்க மூணு பேரும் மண்ணுல புரண்டுதான் வளர்ந்தீங்க, என்ன ஆச்சு” என்று ஆரம்பிப்பாள். நடுவில் நான்.

ராத்திரி அவன் தூங்கியதும் உட்கார்ந்து படிக்க ஆரம்பித்தேன். அம்மா சொல்வதில் நியாயம் இருக்கிறது. 1989-ல் ஸ்ட்ராகன் என்கிற ஆங்கிலேய ஆய்வாளர், 1958-ல் பிறந்த பதினேழாயிரத்துச் சொச்சம் பிரிட்டிஷ் பிள்ளைகளின் விவரத்தை எடுத்துப் பார்த்தார். வீட்டில் அண்ணன் அக்கா நிறைய உள்ள பிள்ளைகளுக்கு ஒவ்வாமைத் தும்மல் குறைவாக இருந்தது. சின்ன வயதில் மூத்ததுகளிடமிருந்து ஒட்டிக்கொள்ளும் கிருமிகள்தான் காரணமாக இருக்கலாம் என்றார். 2013-ல் ஸ்வீடனில் 184 குழந்தைகளை வைத்து இன்னொரு ஆய்வு. கீழே விழுந்த ரப்பர் காம்பைப் பெற்றோரே தங்கள் வாயில் வைத்துச் சப்பிக் கொடுத்த குழந்தைகளுக்கு, ஒன்றரை வயதில் தோல் அரிப்பு நோய் குறைவாக இருந்ததாம். அதற்காக எல்லோரும் அப்படிச் செய்யலாம் என்று யாரும் சொல்லவில்லை. ஆனால் குழந்தையின் உடம்பு ஓரளவு கிருமியோடு பழகித்தான் பாடம் படிக்கிறது என்று புரிந்தது. பிரியாவிடம் பக்குவமாகப் பேசினேன். கொதிக்க வைப்பது குறைந்தது. கக்கூஸ் போய் வந்த கை, சமையல் கை, வெளியே போய் வந்த கை, இவை மட்டும் கட்டாயம் சோப்பு. மற்றபடி தரையில் கிடந்ததை ஒரு தடவை கழுவிக் கொடுத்தால் போதும். வீட்டில் நிம்மதி வந்தது.

நிம்மதி வந்து பத்து நாள்கூட ஆகவில்லை. ஒரு சாயங்காலம் கவின் வண்டியின் கைப்பிடிக் கட்டையைப் பிடித்து நின்றுகொண்டிருந்தான். அவன் நின்றால் கட்டை நேராக வாய்க்கு வருகிறது. கீழே இரண்டு, மேலே இரண்டு பல். ஈறு அரிப்பு வேறு. கரகரவென்று கடித்துக்கொண்டிருந்தான். தூக்கிப் பார்த்தேன். கீழ் உதட்டில் குங்குமம் மாதிரி ஒரு சிவப்புத் துணுக்கு. விரலால் எடுத்தேன். அது குங்குமம் இல்லை, பெயிண்ட்.

கட்டையைப் பார்த்தேன். பல் பட்ட இடம் அரிசி மணி அளவுக்குக் குழிந்திருந்தது. மேலே சிவப்பு. உடைந்த விளிம்பில் பச்சை. குழியின் அடியில் மஞ்சள். சீவிய பென்சிலின் ஓரம் மாதிரி அடுக்கடுக்காகத் தெரிந்தது. எனக்கு உடனே புரிந்தது. மஞ்சள் நீ பிறந்தபோது பெரியப்பா அடித்தது. பச்சை கோமதிக்கு. சிவப்பு 2014-ல் உன் பையனுக்கு, அந்தத் தடவை நானும் கூட இருந்தேன், பிரஷைக் கழுவியது நான்தான். ஒவ்வொரு குழந்தைக்கும் ஒரு பூச்சு. அவ்வளவு ஆசையாகச் செய்தது.

அந்தக் காலத்து இனாமல் பெயிண்டில் காரீயம் (லெட்) கலப்பது, பெயிண்ட் கடை நடத்தும் உனக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். நிறம் பளிச்சென்று நிற்கும், சீக்கிரம் காயும். அதிலும் மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பில்தான் அதிகம். நம் நாட்டில் வீட்டுப் பெயிண்டில் 90 பிபிஎம்முக்கு (பத்து லட்சத்தில் 90 பங்குக்கு) மேல் காரீயம் கூடாது என்று சட்டம் போட்டதே 2016-ல், நடைமுறைக்கு வந்தது 2017 நவம்பரில். நம் வண்டியின் மூன்று பூச்சும் அதற்கு முந்தியவை.

அன்றைக்கு ராத்திரி நான் தூங்கவில்லை. குழந்தையின் உடம்பு பெரியவர்களைவிட நாலைந்து மடங்கு அதிகமாகக் காரீயத்தை உள்ளே இழுத்துக்கொள்ளும். எலும்பில் போய் உட்கார்ந்துகொள்ளும். வளர்கிற மூளையைத்தான் கெடுக்கும். கொஞ்சம் கொஞ்சமாக ஏறினால் காய்ச்சல் வராது, வாந்தி வராது, ஒன்றுமே தெரியாது. பிள்ளை கொஞ்சம் மந்தமாக இருக்கிறான், படிப்பு ஏறவில்லை என்று பத்து வருஷம் கழித்து வாத்தியார் சொல்வார், அவ்வளவுதான். 2020-ல் யுனிசெஃப் ஓர் அறிக்கை போட்டது: உலகத்தில் மூன்றில் ஒரு குழந்தையின் ரத்தத்தில் இது டெசிலிட்டருக்கு ஐந்து மைக்ரோகிராம் அல்லது அதற்கு மேல் இருக்கிறது. இந்தியாவில் மட்டும் ஏறத்தாழ 27.5 கோடிக் குழந்தைகள். இந்த ஊரிலேயே செயின்ட் ஜான்ஸ் மருத்துவக் கல்லூரிப் பேராசிரியர் துப்பில் வெங்கடேஷ் என்பவர் இதைப் பற்றிப் பல வருஷமாகச் சொல்லிக்கொண்டே இருந்திருக்கிறார். இத்தனை வருஷம் இங்கே இருந்தும் என் காதில் விழவில்லை.

பிரியாவிடம் சொன்னபோது அவள் அடுப்படியில் அந்தப் பெரிய பாத்திரத்தைக் கழுவிக்கொண்டிருந்தாள். கொதிக்க வைத்தாலும் போகாதா என்று கேட்டாள். போகாது என்றேன். பாத்திரத்தை அப்படியே கவிழ்த்து வைத்துவிட்டுத் தரையில் உட்கார்ந்துவிட்டாள். கொஞ்ச நேரம் எதுவும் பேசவில்லை.

அம்மாவுக்கு விளங்க வைப்பதுதான் கஷ்டமாக இருந்தது. “ஈயச்சொம்புல ரசம் வச்சுத்தானே குடிச்சோம்” என்றாள். அது வெள்ளீயம், இது காரீயம், பேர்தான் ஒன்று, சாதி வேறு என்று சொன்னேன். அப்புறம் அவளே வண்டியைத் தூக்கிப் போய் பால்கனியில் வைத்தாள்.

மறுநாளே ரத்தம் எடுத்தோம். அந்தச் சின்னக் கையில் நரம்பு தேடி ஊசி போடுவதற்குள் நான் வெளியே போய் நின்றுவிட்டேன், பிரியாதான் பிடித்துக்கொண்டாள். நாலு நாள் கழித்து முடிவு வந்தது: 3.1. ஐந்து இருந்தால் எங்கிருந்து வருகிறது என்று தேடி நிறுத்த வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு. அதற்குக் கீழேதான். ஆனால் இவ்வளவு இருந்தால் பயமில்லை என்று சொல்லக்கூடிய அளவு எதுவும் கிடையாது என்றும் அவர்களே சொல்கிறார்கள். மருந்து தேவையில்லை, கடிப்பதை நிறுத்துங்கள், இரும்புச் சத்தும் சுண்ணாம்புச் சத்தும் குறையாமல் பார்த்துக்கொள்ளுங்கள், குறைந்தால் காரீயம் இன்னும் அதிகமாக உள்ளே போகும், மூன்று மாதம் கழித்து மறுபடி எடுங்கள் என்றார் டாக்டர். கேழ்வரகுக் கூழ், முருங்கைக்கீரை என்று அம்மா கையில் இப்போது அடுப்படி.

வண்டியிலிருந்து உதிர்ந்த துணுக்கை ஒரு பரிசோதனைக்கூடத்தில் கொடுத்தேன். 90 இருக்க வேண்டிய இடத்தில் ஆயிரங்களில் வந்திருக்கிறது.

இனி நான் சொல்ல வந்தது. கோமதி பிரசவத்துக்கு வந்து உன் வீட்டில்தான் இருக்கிறாள், பாப்பாவுக்கு ஏழு மாதம் என்றாய். தவழ ஆரம்பித்திருக்கும். உன் வீட்டுத் திண்ணைக் கம்பி, ஜன்னல், ஊஞ்சல் சங்கிலி, மச்சுப்படிக் கைப்பிடி எல்லாம் பெரியப்பா அதே டப்பாவிலிருந்து அடித்தவைதானே? வண்டிக்கு அடித்து மிச்சமானதை ஜன்னலுக்கு அடிப்பார், எனக்கே ஞாபகம் இருக்கிறது. ஜன்னல் கதவை மூடித் திறக்கும்போது உரசி உதிர்கிற தூள்தான் மோசம். தரையில் விழும், பாப்பா கை வைக்கும், கை வாய்க்குப் போகும். தயவுசெய்து நாளைக்கே பார். உரிந்திருந்தால் உப்புத்தாள் போட்டுத் தேய்க்காதே, காய்ந்த தூள் வீடெல்லாம் பரவும். ஈரத்துணியால் துடை, விளக்குமாறு வேண்டாம். அந்தப் பக்கம் பாப்பாவை விடாதே. பாப்பாவுக்கு ரத்தம் எடுக்கக் கோமதியிடம் சொல். திருநெல்வேலியில் கொடுத்தால் வெளியே அனுப்பி எடுத்துத் தருவார்கள், செலவை நான் பார்த்துக்கொள்கிறேன், அதில் பேச்சே கூடாது.

கடையிலும் பார். பின்னறையில் அடுக்கியிருக்கும் பழைய டப்பாக்கள் எந்த வருஷத்தவை? டப்பா மேலே காரீயம் 90 பிபிஎம்முக்குள் என்று அச்சிட்டிருக்கிறதா? இரும்புச் சாமானுக்கு என்று வரும் தொழிற்சாலைப் பெயிண்டுக்கு அந்தச் சட்டம் கிடையாது. அதைத் தொட்டிலுக்கும் கட்டிலுக்கும் யாராவது கேட்டால் கொடுக்காதே. தொட்டிலுக்கு என்று கேட்டு வருகிறவனுக்கு நீ சொன்னால்தான் உண்டு, வேறு யாரும் சொல்லப் போவதில்லை.

வண்டியைத் தூக்கி எறிய மாட்டேன். பாலிதீனில் சுற்றிப் பால்கனி மூலையில் வைத்திருக்கிறேன். இங்கிருந்து அறுபது கிலோமீட்டரில் சென்னபட்டணா. வெட்பாலை மரத்தைக் கடைசல் பிடித்து, சுழலும்போதே அரக்கு ஏற்றிப் பொம்மை செய்கிறார்கள். போன சனிக்கிழமை போய்ப் பார்த்தேன். ஒரு பெரியவர் மஞ்சள் அரக்குக் குச்சியை மரத்தில் வைத்து அழுத்துகிறார், சூட்டில் உருகிப் பிடித்துக்கொள்கிறது. அப்புறம் தாழை ஓலையால் தேய்க்கிறார், கண்ணாடி மாதிரி மின்னுகிறது. கைப்பிடிக் கட்டையை அவரிடம் புதிதாகச் செய்து வாங்கி, சட்டத்திலுள்ள பழைய பூச்சை ஆள் வைத்து ஒழுங்காக எடுத்துவிட்டால் வண்டியை மறுபடி ஓட்டலாம். ஆனால் பெரியப்பா சம்மதம் வேண்டும். பழைய கட்டை அவருக்கு வேண்டுமென்றால் சுற்றி அனுப்பிவிடுகிறேன்.

அவரிடம் சொல்லும்போது முதலில் கவினின் முடிவைச் சொல். 3.1 என்று எண்ணையே சொல். அவர் ஆசையாக அடித்த பெயிண்ட் அது, அப்போது இது நம் வீட்டில் யாருக்கும் தோன்றவில்லை என்பதையும் சேர்த்துச் சொல். அவர் மனசு நோகக் கூடாது.

பாப்பாவுக்கு ரத்தம் எடுத்ததும் அன்றைக்கே எனக்குப் போன் பண்ணு, ராத்திரி எத்தனை மணி ஆனாலும்.

உன்
ராஜா

இன்னொன்று: ஜன்னல் கம்பியைப் போட்டோ எடுத்து அனுப்பு, கிட்டத்திலிருந்து எடு.