முப்பது மணி நேரத்தில் ஒரு மணி நேரம்

மாதாமாதம் ஹோட்டல் மாடியில் சி.எம்.இ (டாக்டர்களுக்கான தொடர் மருத்துவக் கல்வி) கூட்டம் போடும் எங்கள் மாவட்ட டாக்டர்களுக்கும், அந்தக் கூட்டத்துக்கு யாரும் கூப்பிடாத சிஸ்டர்களுக்கும், மெடிக்கல் ஷாப் கவுண்டரில் நிற்கும் தம்பிகளுக்கும்,

வணக்கம். நான் டாக்டர் இல்லை. சின்னதாக ஒரு அச்சகம் வைத்திருக்கிறேன். உங்களில் நாலைந்து பேருக்கு லெட்டர்பேடு அடித்துத் தருவதே நான்தான். கூட்டத்து அழைப்பிதழும் என் கடையில்தான் அச்சாகிறது என்பதால், எந்த மாதம் எந்தத் தலைப்பு என்பது உங்களுக்கு முன்னால் எனக்குத் தெரிந்துவிடும். சர்க்கரை, ரத்த அழுத்தம், தைராய்டு, மறுபடியும் சர்க்கரை. மூன்று வருடமாகப் பார்க்கிறேன், ரத்தப் புற்றுநோய் ஒரு தடவைகூட வரவில்லை.

என் மகளுக்கு ஆறு வயதில் ஏ.எல்.எல் என்று சொன்னார்கள். குழந்தைகளுக்கு வரும் ரத்தப் புற்றுநோயில் அதிகம் வருவது அதுதான். இப்போது எட்டு முடியப்போகிறது, மெயின்டெனன்ஸ் என்ற கடைசிக் கட்டச் சிகிச்சை ஓடிக்கொண்டிருக்கிறது. மொத்தச் சிகிச்சை இரண்டரை மூன்று வருடம். அதில் பெரிய ஆஸ்பத்திரி படுக்கையில் இருந்த நாட்களைக் கூட்டினால் நாலைந்து மாதம் வரும், மீதி எல்லாம் இந்த ஊரில், உங்கள் கிளினிக்குக்கு இரண்டு தெரு தள்ளி. கீமோ சென்னையில் ஏற்றுகிறார்கள், சரி. காய்ச்சல் ஊருக்கு வந்த பிறகுதான் அடிக்கிறது, அதுவும் ராத்திரி பதினோரு மணிக்கு.

அப்படி ஒரு ராத்திரியைச் சொல்கிறேன். கீமோ முடிந்து வந்த ஒன்பதாம் நாள். தொட்டால் லேசான சூடுதான், தெர்மாமீட்டரில் 101. ஃபைலைத் தூக்கிக்கொண்டு ஓடினேன். டாக்டர் நல்ல மனிதர், தூக்கத்திலிருந்து எழுந்து வந்து பார்த்தார். தொண்டை சிவக்கவில்லை, நெஞ்சில் சளி இல்லை, வைரல் ஃபீவர் என்று இடுப்பில் ஒரு ஊசி போட்டு, பாரசிட்டமால் எழுதி, காலையில் வரச் சொன்னார். ஃபைலைத் திறக்கவே இல்லை. விடியும்போது பிள்ளைக்கு நடுக்கம் எடுத்துவிட்டது, ஊசி போட்ட இடம் என் முஷ்டி அளவுக்குக் கறுத்து வீங்கியிருந்தது. கார் பிடித்து இரண்டு மணி நேரம் தள்ளி இருக்கும் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தபோது ரத்தம் உறைய உதவும் பிளேட்லெட் வெறும் பதினெட்டாயிரம், தொற்றோடு சண்டை போடும் நியூட்ரோஃபில் ஏறக்குறைய இல்லை. பதினோரு நாள் உள்ளே இருந்தோம். பிழைத்துவிட்டாள்.

அந்த டாக்டர்மேல் எனக்குக் கோபம் இல்லை என்று சொன்னால் பொய். ஆனால் அவருக்கு இதை யாரும் சொல்லித் தரவில்லை என்பதும் உண்மை. தொண்டை ஏன் சிவக்கவில்லை என்று பிறகு வார்டில் ஒரு சிஸ்டர் சொல்லித்தான் எனக்கே புரிந்தது: சீழ் பிடிப்பதற்கும் தொண்டை சிவப்பதற்கும்கூட வெள்ளணு வேண்டும், அது இல்லாத உடம்பில் கிருமி சத்தமே இல்லாமல் உள்ளே போகும், வெளியே தெரிகிற ஒரே அடையாளம் அந்தக் காய்ச்சல்தான். 100.4 டிகிரி ஒரு மணி நேரம் நின்றாலும், ஒரே ஒரு தடவை 101 தொட்டாலும் அது அவசரம். ஒரு மணி நேரத்துக்குள் நரம்பு வழியாக ஆன்டிபயாடிக் முதல் டோஸ் உள்ளே போக வேண்டும். முடிந்தால் அதற்கு முன், என்ன கிருமி என்று பார்க்கும் கல்ச்சருக்கு ரத்தம் எடுத்துக்கொள்ளலாம், கவுண்ட் (ரத்த அணுக்களின் எண்ணிக்கை) ரிப்போர்ட் வரட்டும் என்று காத்திருக்கக் கூடாது. சதையில் ஊசி வேண்டாம். ஆஸ்பிரின், டைக்ளோஃபெனாக், இப்யூபுரோஃபென் வேண்டாம். ஆசனவாயில் தெர்மாமீட்டர் வைக்க வேண்டாம். அப்புறம் ஃபைலின் முதல் பக்கத்தில் இருக்கும் நம்பருக்கு ஒரு போன். மேல்சிகிச்சைக்கு அனுப்புவதாக இருந்தாலும் அந்த முதல் டோஸைப் போட்டுவிட்டு அனுப்புங்கள். இந்தச் சிகிச்சையின் நடுவில் நம் நாட்டில் குழந்தைகளை இழப்பதற்கு முக்கியமான காரணம் இந்தத் தொற்றுதான்.

இன்னும் பின்னால் போனால், நோய் என்று தெரிவதற்கு முந்தைய இரண்டு மாதம். கால் வலிக்கிறது என்று அழுவாள், வளர்கிற பிள்ளைக்கு அப்படித்தான் இருக்கும் என்றார்கள். முகம் வெளுத்திருக்கிறது என்றதற்கு இரும்புச்சத்து டானிக். காலில் நீலத் திட்டுகள், விளையாட்டில் எங்கேயோ இடித்திருப்பாள். தனித்தனியாகப் பார்த்தால் எல்லாமே சரிதான். மூன்றும் சேர்ந்து, கூடவே விட்டு விட்டுக் காய்ச்சலும் கழுத்தில் கட்டியும் இருந்தால் ஒரு முழு ரத்தப் பரிசோதனையும் ஸ்மியரும் (ரத்தத் துளியைக் கண்ணாடியில் தடவி மைக்ரோஸ்கோப்பில் பார்ப்பது) எடுத்துப் பாருங்களேன், பெரிய செலவு இல்லை. இதைவிட முக்கியமாக ஒன்று. காரணம் தெரியாத இப்படிப்பட்ட பிள்ளைக்கு, ரத்தத்தைப் பார்க்காமல் ஸ்டீராய்டு எழுதாதீர்கள். ஏ.எல்.எல் சிகிச்சையின் முதல் மருந்துகளில் ஒன்றே ஸ்டீராய்டுதான். நாலு நாள் கொடுத்தால் பிள்ளை தெளிந்ததுபோல் இருக்கும், கெட்ட செல்கள் பாதி அழிந்து ஒளிந்துகொள்ளும், அப்புறம் எலும்பு மஜ்ஜையை எடுத்துப் பார்த்தாலும் குழப்பும்.

மெடிக்கல் ஷாப் தம்பி, உங்களுக்கும் ஒன்று உண்டு. என் மகளின் கீமோ மாத்திரைகளில் ஒன்றான மெத்தோட்ரெக்சேட் வாரத்துக்கு ஒரு நாள்தான். ஒரு தடவை உங்கள் கடையில் அட்டையின் மேல் பேனாவால் ‘தினம் 1’ என்று எழுதிக் கொடுத்தார்கள். வார்டில் மூன்று முறை எச்சரித்து அனுப்பியதால் நான் தப்பித்தேன், என் அம்மா கையில் அந்த அட்டை போயிருந்தால் அவர் பாட்டுக்குத் தினமும் கொடுத்திருப்பார். தினம் கொடுத்தால் அது விஷம். மஜ்ஜை படுத்துவிடும், வாய் முழுக்கப் புண்ணாகிவிடும். எந்தக் கிழமை என்று எழுதிக் கொடுங்கள், ‘வியாழன் மட்டும்’ என்பதுபோல.

இந்த மருந்தை உருவாக்கிய ஆராய்ச்சிக் குழுவுக்குத் தலைமை வகித்த எல்லாப்பிரகட சுப்பாராவ் படித்தது நம் சென்னை மருத்துவக் கல்லூரியில்தான். காந்தி பேச்சைக் கேட்டுக் கதர் அங்கி போட்டார் என்பதற்காக அவருக்கு எம்.பி.பி.எஸ் தராமல், அதைவிடக் குறைந்த எல்.எம்.எஸ் பட்டம் கொடுத்து அனுப்பினார்களாம். அதே கல்லூரியில் படித்து வந்தவர்கள் உங்களில் எத்தனையோ பேர்.

மகளின் இன்னொரு கீமோ மாத்திரை 6-எம்.பி, இது தினமும் ராத்திரி. எங்கள் பக்கத்துப் படுக்கையில் இருந்த பெரியவருக்கும் அதே மாத்திரை. ஊருக்குப் போனவர் கட்டைவிரல் வலிக்கிறது என்று காட்டியிருக்கிறார், யூரிக் ஆசிட் அதிகம் என்று அலோபியூரினால் எழுதிவிட்டார்கள். இரண்டே வாரத்தில் கவுண்ட் தரைமட்டம். இதில் வேடிக்கை என்னவென்றால், அலோபியூரினாலைத் தேடிப்போனதே 6-எம்.பி உடம்பில் சீக்கிரம் சிதையாமல் தடுக்கத்தானாம். இரண்டுமே கெர்ட்ரூட் எலியன், ஜார்ஜ் ஹிட்சிங்ஸ் கூட்டணியில் வந்தவை, அவர்களுக்கு 1988இல் நோபல் பரிசு கிடைத்தது. இரண்டையும் சேர்த்துக் கொடுத்தே ஆக வேண்டும் என்றால் 6-எம்.பியைக் கால் பங்காகக் குறைக்க வேண்டும். அச்சகக்காரன் எனக்கு இது தெரிந்திருக்கிறது, தெரிய வேண்டிய அவசியம் வந்திருக்கக் கூடாது.

சிஸ்டர், பிக் லைனை (மருந்து ஏற்றுவதற்காகக் கை நரம்பு வழியாக வைத்திருக்கும் குழாய்) பார்த்ததும் கையை எடுத்துவிடாதீர்கள். கையுறை, சுத்தமான டிரெஸ்ஸிங், 10 மில்லி சிரிஞ்சில் சலைன் (சின்ன சிரிஞ்சு வேண்டாம், அழுத்தத்தில் குழாய் கிழிந்துவிடும்). வாரம் ஒரு தடவை இதைச் செய்ய ஊரில் ஆள் இல்லாமல் ராத்திரி பஸ்ஸில் சென்னைக்குப் போய் வந்திருக்கிறோம், பத்து நிமிட வேலைக்கு ஒன்றரை நாள். அந்த டிக்கெட்டும் முழுக் காசு கொடுத்துத்தான். ரயிலில் புற்றுநோயாளிக்கு ஸ்லீப்பரிலும் ஏசி மூன்றடுக்கிலும் முழுச் சலுகை, கூடப் போகிறவருக்கு 75 சதவீதம் சலுகை, சிகிச்சை தரும் ஆஸ்பத்திரியில் சான்று வாங்கினால் போதும் என்பது ஏழு மாதம் கழித்து வார்டு வராந்தாவில் இன்னொரு தகப்பன் சொல்லித்தான் தெரிந்தது. முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தைப் பற்றியும் அந்த வராந்தாவில்தான் கேட்டேன். நீங்கள் சொல்லியிருந்தால் முதல் வாரமே வேலை முடிந்திருக்கும்.

சொல்லத் தயங்கிய ஒன்று இருக்கிறது, சொல்லிவிடுகிறேன். முதல் கட்ட சிகிச்சை முடிந்ததும் பிள்ளை ஓடியாட ஆரம்பித்துவிடுவாள், ரிப்போர்ட்டில் நோயே தெரியாது. அப்போதுதான் வீட்டில் பேச்சு கிளம்பும், நல்லாத்தானே இருக்கிறாள், இன்னும் எதற்கு விஷ மருந்து, கடன் கழுத்தை நெரிக்கிறது, நிறுத்திவிட்டு வேறு வைத்தியம் பார்க்கலாம் என்று. என் மாமனார் வந்து உட்கார்ந்து பேசினார். அந்தச் சமயத்தில் குடும்பம் சென்னை டாக்டரிடம் கேட்காது, உங்களிடம்தான் வரும், ஏனென்றால் உங்களைத்தான் இருபது வருடமாகத் தெரியும். வளர்ந்த நாடுகளில் இந்த நோய் வந்த பத்துக் குழந்தைகளில் ஒன்பது பேர் வரை பிழைக்கிறார்கள், அதுவும் முழுச் சிகிச்சையையும் முடிப்பதால். நாங்கள் கேட்டபோது ஒரு டாக்டர், பிள்ளையை எதிரே வைத்துக்கொண்டே, “பிளட் கேன்சரா... சரி, ஆண்டவன் விட்ட வழி” என்றார். வீட்டுக்கு வந்ததும் அவள் கேட்டாள், “அப்பா, ஆண்டவன் எந்த வழி விட்டிருக்கார்?” ஆறு வயதுப் பிள்ளைக்கு எல்லாம் புரியும், டாக்டர்.

ஐந்து வருடத்தில் 30 மணி நேரம் படிக்க வேண்டும் என்று 2002ஆம் ஆண்டு மருத்துவ நெறிமுறை விதிகளிலேயே இருக்கிறது. அதில் ஒரே ஒரு மணி நேரம் கேட்கிறேன். நிபுணராக வேண்டாம், அந்த ராத்திரி முதல் ஒரு மணி நேரத்தைக் காப்பாற்றத் தெரிந்தால் போதும். சிஸ்டர்களையும் மெடிக்கல் ஷாப்காரர்களையும் உள்ளே விடுங்கள். பெரிய ஆஸ்பத்திரியிலிருந்து ஒருவரைப் பேச அழைத்து, அதன்பின் எங்களைப் போன்ற ஒரு குடும்பத்துக்கும் பத்து நிமிடம் கொடுங்கள். காய்ச்சல் வந்தால் என்ன செய்வது என்று கிளினிக் சுவரில் ஒட்ட ஒரு அட்டை வேண்டும், வாசகத்தை நீங்கள் சரிபார்த்துக் கொடுத்தால் மாவட்டம் முழுக்க நானே இலவசமாக அடித்துத் தருகிறேன், லேமினேஷனோடு.

தேதி சொல்லுங்கள், ஃபைலோடு வருகிறேன். அழைப்பிதழுக்கும் காசு வேண்டாம். கூட்டத்தை மட்டும் சாயங்காலம் சீக்கிரம் வைத்துக்கொள்ளுங்கள், ஒன்பது மணிக்கு அவளுக்கு மாத்திரை கொடுக்க வேண்டும்.

உங்கள் லெட்டர்பேடு அச்சடிக்கும்,
ஒரு அப்பா