உன் தீர்ப்பை எதிர்த்து ஒரு மேல்முறையீடு

அன்பு நண்பா,

நான் நலம், வீட்டில் அனைவரும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். என்னை இன்று எழுத வைத்தது உன் மீதுள்ள பாசம் என்று எண்ணி ஏமாந்துவிடாதே. 18 வயதுக்குட்பட்ட மகளிருக்கான உலக ஐஸ் ஹாக்கிப் போட்டியைப் பற்றி, 'அது இரண்டு நாடுகளின் பங்காளிச் சண்டை, மற்றவர்கள் வேடிக்கை பார்க்க வருகிறார்கள்' என்று போகிறபோக்கில் எழுதிவிட்டாய். நம் நடுவர்கூட இவ்வளவு அவசரமாக விசில் ஊதியதில்லை.

உன் பக்கம் நியாயமே இல்லை என்று நான் சொல்லவில்லை. 2008 ஜனவரியில் கனடாவின் கால்கரி நகரில் நடந்த முதல் போட்டியின் இறுதி ஆட்டத்தில் அமெரிக்கா 5-2 என்று கனடாவை வென்றது. அன்று தொடங்கி 2025 வரை தங்கம் அவ்விரு நாடுகளைத் தாண்டிப் போகவில்லை. அங்கெல்லாம் பல பத்தாயிரம் பெண்கள் பதிவு செய்து ஆடுகிறார்கள். செக் குடியரசு போன்ற நாடுகளிலோ அந்த எண்ணிக்கை சில ஆயிரத்தில் நின்றுவிடுகிறது.

ஆனால் 2023இல் ஸ்வீடனின் ஓஸ்டர்சுண்டில் நடந்ததை எந்தக் கணக்கில் வைப்பாய்? அரையிறுதியில் ஸ்வீடன் 2-1 என்று அமெரிக்காவை வெளியேற்றியது. இறுதியில் அதே ஸ்வீடனைக் கனடா 10-0 என்று நசுக்கியதை நீ உடனே எடுத்துக்காட்டுவாய் என்பது தெரியும். சரி, அடுத்த ஆண்டு சுவிட்சர்லாந்தின் ட்சூக் நகரில் அதே கனடாவை அரையிறுதியில் வீழ்த்தி, செக் பெண்கள் முதன்முறையாக இறுதிக்குச் சென்றார்களே! அடுத்தடுத்த ஈராண்டுகளில் உன் பங்காளிகள் ஆளுக்கொரு முறை அரையிறுதியிலேயே விழுந்திருக்கிறார்கள். ஓஸ்டர்சுண்டில் ஸ்லோவாக்கியாவின் நெலா லோபுஷானோவா, அப்போது வயது 14, கோல் வலைக்குப் பின்னாலிருந்தே பக்கை (பந்துக்குப் பதிலாக ஆடும் ரப்பர் வட்டை) மட்டையில் ஏந்தித் தூக்கி உள்ளே செருகியதையும், போட்டியின் மிகச் சிறந்த வீராங்கனையாகத் தேர்வானதையும் பார்த்த பிறகு 'வேடிக்கை பார்க்க வருகிறார்கள்' என்று எழுத உனக்குக் கை எப்படி வந்தது?

என்னை உண்மையில் உறுத்துவது வேறொன்று. கொரோனாவால் 2021ஆம் ஆண்டுப் போட்டி கைவிடப்பட்டது. அந்த ஆண்டு ஆண்களின் 18 வயதுக்குட்பட்டோர், 20 வயதுக்குட்பட்டோர் போட்டிகள் இரண்டும் நடந்தன. 2021 டிசம்பரில், மறு மாதம் ஸ்வீடனில் நடக்கவிருந்த பெண்கள் போட்டியையும் சர்வதேச ஐஸ் ஹாக்கிக் கூட்டமைப்பு ரத்து செய்தது. அதற்குச் சில நாட்களில் ஆண்களின் 20 வயதுக்குட்பட்டோர் போட்டி கனடாவில் தொடங்கியது, தொற்றால் அதுவும் பாதியில் நின்றது. பதினேழு வயதில் இருப்பவளுக்கு 'அடுத்த ஆண்டு பார்த்துக்கொள்ளலாம்' என்ற ஆறுதல் கிடையாது, ஏனெனில் அடுத்த ஆண்டு அவள் வயது வரம்பைக் கடந்திருப்பாள். கண்டனம் வலுத்த பிறகு, 2022 ஜூனில் அமெரிக்காவின் மேடிசனில் போட்டி நடந்தது; பிரிவு ஆட்டத்தில் அமெரிக்காவிடம் 7-0 என்று தோற்ற கனடா, இறுதியில் 3-2 என்று பழி தீர்த்துக்கொண்டது. இடையில் வயது கடந்தவர்களின் பட்டியலை யாராவது வைத்திருப்பார்களா என்று தெரியவில்லை. உனக்குத் தெரிந்தால் சொல்.

பதில் எழுதும்போது அந்த 10-0ஐ மட்டும் பிடித்துக்கொண்டு தொங்காமல், இரண்டு அரையிறுதிகளுக்கும் விளக்கம் தர வேண்டும். கடிதத்தை நடுவரிடமும் காட்டு. அவர் என் பக்கம்தான் பேசுவார்.

உன்,
பழைய எதிர்க்கட்சி