துப்பாக்கி உரிமத்துக்கான மருத்துவச் சான்று பெற என் பழைய சிகிச்சை ஆவணங்களை வழங்க உத்தரவிடக் கோரும் மனு

அனுப்புநர்:
முன்னாள் படைவீரர்,
பட்டுக்கோட்டை வட்டம், தஞ்சாவூர் மாவட்டம்.
(பெயர், முகவரி, விண்ணப்ப எண் ஆகியவை தனித்தாளில் உள்ளன.)

பெறுநர்:
மாவட்ட ஆட்சித் தலைவர் அவர்கள்,
மாவட்ட ஆட்சியர் அலுவலகம், தஞ்சாவூர்.

பொருள்: படைக்கல உரிமம் – எஸ்-3 மருத்துவச் சான்று – அரசு மருத்துவமனையில் உள்ள என் உள்நோயாளி ஆவணங்களின் நகல் வழங்கக் கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஆட்சித் தலைவர் அவர்களுக்கு,

வணக்கம். நான் மெட்ராஸ் ரெஜிமெண்டில் பணிபுரிந்து ஓய்வுபெற்றவன். கல்லணைக் கால்வாய்ப் பாசனத்தின் கடைமடையில் உள்ள ஒரு கிராமத்தில் குடும்பத்தோடு இருக்கிறேன். வங்கிக் காவலர் வேலைக்குப் போவதற்காக இரட்டைக் குழல் துப்பாக்கி உரிமம் கேட்டுத் தங்களிடம் விண்ணப்பித்திருக்கிறேன். எங்களைப் போன்றவர்களை வேலைக்கு எடுக்கும்போது “சொந்த லைசென்ஸ் இருக்கிறதா” என்பதுதான் முதல் கேள்வி. இருந்தால் ஒரு சம்பளம், இல்லாவிட்டால் வெறும் வாட்ச்மேன் சம்பளம். ஓய்வூதியத்தோடு அந்தச் சம்பளமும் சேர்ந்தால்தான் பிள்ளைகள் படிப்பை முடிக்க முடியும்.

விண்ணப்பத்தில் மற்ற வேலையெல்லாம் முடிந்துவிட்டது. காவல் நிலையத்திலிருந்து வந்து விசாரித்துவிட்டார்கள், வட்டாட்சியர் அலுவலக விசாரணையும் ஆயிற்று. மிச்சம் இருப்பது ஒரே ஒரு தாள்தான். 2016ஆம் ஆண்டு படைக்கல விதிகளின்படி மருத்துவர் தரவேண்டிய எஸ்-3 படிவச் சான்று. உடல் தகுதி, மனநலம், மது மற்றும் போதைப் பொருளுக்கு அடிமையாக இல்லை என்பது, இவற்றை மருத்துவர் தன் கையெழுத்தில் உறுதி செய்ய வேண்டும்.

சான்றுக்காகப் போன இடத்தில், முன்பு மனநலச் சிகிச்சை எடுத்ததுண்டா என்று மருத்துவர் கேட்டார். எடுத்திருக்கிறேன் என்று சொன்னேன். அப்படியானால் அந்தச் சிகிச்சையின் ஆவணங்களைப் பார்க்காமல் கையெழுத்துப் போட முடியாது என்றார். அவர் சொன்னது நியாயம். ஒருவன் கையில் துப்பாக்கி போகப்போகிறது, அதற்குப் பொறுப்பேற்கிறவர் பார்க்க வேண்டியதைப் பார்த்துத்தான் ஆகவேண்டும். அவர் மீது எனக்குக் கொஞ்சமும் வருத்தம் இல்லை என்பதை முதலிலேயே பதிவு செய்துகொள்கிறேன்.

அந்தச் சிகிச்சை என்ன என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். 2018 நவம்பர் 16ஆம் தேதி விடியற்காலையில் கஜா புயல் கரை கடந்தது. பட்டுக்கோட்டை, பேராவூரணி, ஒரத்தநாடு பக்கம் தென்னை வைத்திருந்த குடும்பங்களுக்கு அதற்கு மேல் விளக்கம் தேவையில்லை. ராணுவத்திலிருந்து வந்த பணத்தையெல்லாம் போட்டு வளர்த்த தோப்பு. பாதி மரம் வேரோடு சாய்ந்து கிடந்தது, மீதி மரங்களுக்குக் குருத்தைத் திருகி எறிந்தது போலத் தலையே இல்லை. தென்னம்பிள்ளை வைத்தால் மறுபடி காய் பார்க்க எத்தனை வருஷம் ஆகும் என்பது தாங்கள் அறியாததல்ல. எனக்குத் தூக்கம் போயிற்று. ராத்திரியில் எழுந்துபோய்த் தோப்பில் நின்றுகொண்டிருப்பேன். சாப்பாடு இறங்கவில்லை, யாரிடமும் பேசவில்லை. மறு ஆண்டு தொடக்கத்தில் என் மைத்துனர்தான் கையைப் பிடித்து அரசு மருத்துவமனைக்கு அழைத்துப் போனார். மனச்சோர்வு நோய் என்று மனநல மருத்துவர் சொன்னார். சில நாட்கள் உள்நோயாளியாக இருந்தேன். பிறகு மாவட்ட மனநலத் திட்டத்தில் மாதந்தோறும் மருத்துவர் வரும் நாளில் போய் மாத்திரை வாங்கிக்கொண்டேன். மருத்துவரே மாத்திரையைப் படிப்படியாகக் குறைத்து, இனி வேண்டாம் என்று நிறுத்தினார். அதற்குப் பிறகு தேவைப்படவே இல்லை. இன்றைக்கு நெல்லும் உளுந்தும் போடுகிறேன், புதிதாக வைத்த பிள்ளைகள் பாளை விடத் தொடங்கியிருக்கின்றன.

அப்போது கொடுத்த டிஸ்சார்ஜ் சீட்டும் ஓ.பி. சீட்டுகளும் என்னிடம் இல்லை. ஓடு பறந்துபோய்த் தார்ப்பாய் கட்டியிருந்த வீட்டில் அவை நனைந்து எழுத்துக் கரைந்துவிட்டன. அதனால் மருத்துவமனையின் ஆவணப் பிரிவுக்குப் போனேன். எந்த மருத்துவமனை என்பதைத் தனித்தாளில் குறிப்பிட்டிருக்கிறேன். குறைதீர் கூட்டத்தில் பலர் கைக்குப் போகும் இந்த மனுவில் எந்த ஊழியர் பெயரும் கெட வேண்டாம்.

அங்கே இருந்த ஊழியர் பொறுமையாகவே பேசினார். 2019ஆம் ஆண்டுப் பதிவேட்டை எடுத்துப் புரட்டி, என் வரியை விரல் வைத்துக் காட்டினார். பெயர், வயது, ஊர், உள்நோயாளி எண், சேர்ந்த தேதி, அனுப்பிய தேதி எல்லாம் நீல மையில் தெளிவாக இருக்கின்றன. கடைசிக் கட்டத்தில் ‘குணம்’ என்று எழுதியிருக்கிறது. அவருக்குப் பின்னால் இரும்பு ரேக்கில் கேஸ் ஷீட்டுகள் (உள்நோயாளிகளின் சிகிச்சைக் குறிப்புகள்) மாதவாரியாகக் காடாத்துணியில் கட்டிக் கிடந்தன. என் கேஸ் ஷீட் அந்தக் கட்டுகளில் ஒன்றில் இருக்கலாம், கழித்துக் கட்டியும் இருக்கலாம். அவிழ்த்துப் பார்க்க மட்டும் முடியாது என்றார். “சைக்கியாட்ரி கேஸ் ஷீட்டைப் பார்ட்டி கையில் கொடுக்க மாட்டோம், கோர்ட் ஆர்டர் வேண்டும்” என்பது பதில். மேலதிகாரிகளிடம் கேட்டபோது, எழுதிக் கொடுங்கள் பார்க்கலாம் என்றார்கள். எழுதிக் கொடுத்தேன். ஒப்புகையும் இல்லை, பதிலும் இல்லை. கடைசியாக, தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்டுப் பாருங்கள் என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். என் உடம்பைப் பற்றி எழுதிய தாளை நான் பார்க்க ஏன் தகவல் உரிமை மனுப் போட வேண்டும் என்பது எனக்கு விளங்கவில்லை.

சட்டம் அப்படிச் சொல்லவில்லை. இந்திய மருத்துவக் கழகத்தின் 2002ஆம் ஆண்டு தொழில் நெறி ஒழுங்குமுறைகளின்படி, நோயாளியோ அவர் அதிகாரமளித்தவரோ ஆவணம் கேட்டால் அதற்கு ஒப்புகை தர வேண்டும், 72 மணி நேரத்துக்குள் ஆவணத்தையும் தர வேண்டும். மனநலம் என்பதால் வேறு விதி என்று சொல்லவும் இடமில்லை. 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 25ஆம் பிரிவு, சிகிச்சை பெற்றவருக்குத் தன் அடிப்படை மருத்துவ ஆவணங்களைப் பெறும் உரிமையைத் தருகிறது. வெளியிட்டால் அவருக்குக் கடுமையான மனப் பாதிப்போ, பிறருக்குத் தீங்கோ நேரும் என்று கருதும் குறிப்பிட்ட தகவலை மட்டும் மருத்துவர் நிறுத்தி வைக்கலாம். அப்படி நிறுத்தினால் மனநல மறுஆய்வு வாரியத்தில் முறையிடலாம் என்பதையும் அவரே சொல்ல வேண்டும். என் விஷயத்தில் எந்த மருத்துவரும் அப்படி ஒரு முடிவு எடுக்கவில்லை. ஆவணத்தை யாருமே பிரித்துப் பார்க்கவில்லையே.

ஒரு விஷயம் என்னை உறுத்திக்கொண்டே இருக்கிறது. “ஏன் இப்படி அலைகிறாய்? வேறு டாக்டரிடம் போ, பழைய கதையைச் சொல்லாதே, கையெழுத்துக் கிடைத்துவிடும்” என்று எனக்கு யோசனை சொன்னவர்கள் உண்டு. கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை, என் மேல் உள்ள அக்கறையில் சொன்னார்கள். ஆனால் பட்டாளத்தில் ரைஃபிளைக் கிடங்கிலிருந்து எடுக்கும்போதும் திரும்ப வைக்கும்போதும் எண் சரிபார்த்துக் கையெழுத்துப் போட்டே பழகியவன் நான். துப்பாக்கி வாங்கப்போகிறவன் முதல் தாளிலேயே பொய் எழுதக் கூடாது. அதே சமயம், உண்மையைச் சொன்னவன் ஆவணம் கிடைக்காமல் வாசலில் நிற்கிறான், சொல்லாமல் விட்டவன் சான்றோடு போய்விடுகிறான் என்றால், அடுத்து வருகிறவர்கள் எதைக் கற்றுக்கொள்வார்கள்? சிகிச்சைக்கே போகாமல் இருப்பார்கள். கஜாவுக்குப் பிறகு இந்தப் பக்கம் மாத்திரை சாப்பிட்டுத் தேறியவன் நான் ஒருவன் மட்டும் இல்லை.

சிகிச்சை எடுத்ததாலேயே உரிமம் தரக் கூடாது என்று யாரும் முடிவு செய்துவிடக் கூடாது என்பதையும் பணிவோடு சொல்கிறேன். 1959ஆம் ஆண்டு படைக்கலச் சட்டத்தின் 14ஆம் பிரிவு, சித்த சுவாதீனம் இல்லாதவருக்கு உரிமம் மறுக்கச் சொல்கிறது. சரியான விதிதான். ஆனால் மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 3ஆம் பிரிவு, முன்பு பெற்ற சிகிச்சை கவனிக்கத்தக்கது என்றாலும் அதை மட்டுமே வைத்து இன்றைக்கு ஒருவருக்கு மனநோய் இருப்பதாக முடிவு செய்யக் கூடாது என்கிறது. தகுதியுள்ள நீதிமன்றம் அறிவித்தாலொழிய, மனநோய் என்று கண்டறிந்ததாலேயே ஒருவரைச் சித்த சுவாதீனம் இல்லாதவராகக் கொள்ளக் கூடாது என்றும் சொல்கிறது. ‘கவனிக்கத்தக்கது’ என்பதை நான் மனதார ஏற்றுக்கொள்கிறேன். கவனிக்கட்டும் என்றுதானே ஆவணத்தைக் கேட்டு அலைகிறேன்.

ராணுவத்து மருத்துவ ஆவணம் வேண்டி வெலிங்டனில் உள்ள பதிவு அலுவலகத்துக்கு எழுதினேன். ஓய்வுபெறும்போது ஷேப்-1 என்னும் முழு மருத்துவத் தகுதியில் இருந்ததற்கான தாள் தபாலில் வீட்டுக்கே வந்துவிட்டது. அதையும் இத்துடன் இணைத்திருக்கிறேன்.

ஆகவே, மாவட்ட நலப்பணிகள் இணை இயக்குநர் வழியாக அந்த மருத்துவமனைக்கு அறிவுறுத்தி, என் கேஸ் ஷீட்டின் நகலையும் டிஸ்சார்ஜ் குறிப்பையும் வழங்கச் செய்ய வேண்டுகிறேன். நகல் எடுக்கும் செலவை நான் செலுத்துகிறேன். உள்நோயாளி ஆவணத்தை 3 ஆண்டுகள் வரை வைத்திருக்க வேண்டும் என்பதுதான் மேற்சொன்ன ஒழுங்குமுறை. அந்தக் காலம் கடந்து கழித்துவிட்டார்கள் என்றால், அதையாவது எழுத்தில் தரச் சொல்லுங்கள். கூடவே என் பெயர் உள்ள பதிவேட்டு வரியின் சான்றிட்ட நகலும் வேண்டும். அந்த இரண்டையும் வைத்துக்கொண்டு, ஓர் அரசு மனநல மருத்துவர் என்னை இன்றைய நிலையில் நேரில் பரிசோதித்து அறிக்கை தர ஏற்பாடு செய்தால் எஸ்-3 சான்று தருகிற மருத்துவருக்கும் பிடிமானம் இருக்கும். எந்தப் பரிசோதனைக்கும், எத்தனை முறை கூப்பிட்டாலும் வருகிறேன்.

இன்னொன்றும் முக்கியம். ஆவணம் நேராக என் கைக்கு வர வேண்டும், அல்லது உறையில் ஒட்டிச் சான்றளிக்கும் மருத்துவருக்குப் போக வேண்டும். உரிமக் கோப்பில் அவருடைய முடிவு மட்டும் இருந்தால் போதும். காவல் நிலையம், கிராம நிர்வாக அலுவலகம் என்று கேஸ் ஷீட் கைமாறினால் ஊர் முழுக்கத் தெரிந்துவிடும். நான் மறைக்கவில்லை, ஆனால் எனக்குப் பெண் பிள்ளைகள் இருக்கிறார்கள். வரன் பார்க்கும் காலத்தில் கிராமத்தில் என்ன பேசுவார்கள் என்பது தங்களுக்குத் தெரியும். சிகிச்சை பற்றிய தகவலை ரகசியமாக வைக்கும் உரிமையும் மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 23ஆம் பிரிவில் இருக்கிறது. இந்த மனுவின் விவரத்தையும் குறைதீர் கூட்டத்தில் மைக்கில் படிக்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

ஆவணம் வந்து சேரும் வரை, மருத்துவச் சான்று இல்லை என்ற காரணத்துக்காக என் விண்ணப்பத்தைத் தள்ளுபடி செய்யாமல் நிலுவையில் வைத்திருக்கவும் வேண்டுகிறேன். மாவட்டத்தில் உள்ள அரசு மருத்துவமனைகள் எல்லாவற்றுக்கும் இது பற்றி ஒரு சுற்றறிக்கை போனால், எனக்குப் பின்னால் வருகிற முன்னாள் படைவீரர்களும் உரிமம் புதுப்பிக்கிற காவலர்களும் கோர்ட் ஆர்டர் தேடி அலைய மாட்டார்கள்.

மருத்துவமனையில் நான் எழுதிக் கொடுத்த கடிதத்தின் நகல், விண்ணப்ப ரசீது, படைவிலகல் சான்று, ராணுவ மருத்துவத் தகுதித் தாள் ஆகியவை இணைப்பில் உள்ளன. மனு மீது எடுக்கும் நடவடிக்கையைத் தனித்தாளில் உள்ள முகவரிக்குத் தபாலில் தெரிவிக்க வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
(ஒப்பம்)
முன்னாள் படைவீரர்

இடம்: தஞ்சாவூர்
நாள்: மக்கள் குறைதீர்க்கும் நாள், திங்கட்கிழமை