நிதிக் குழுவிலும் பெண்கள் வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

இலங்கையின் 2026 வரவு செலவுத் திட்டத்தில் தோட்டத் தொழிலாளரின் நாட்சம்பளம் 1,350 ரூபாவிலிருந்து 1,550 ரூபாவாக உயரும் என்றும், வருகை ஊக்கத்தொகையாக நாளொன்றுக்கு 200 ரூபாவை அரசாங்கமே வழங்கும் என்றும் அறிவிக்கப்பட்டபோது, எங்கள் தோட்டத்துப் பெண்கள் முதலில் கேட்டது, அரைப்பேர், அதாவது அரைநாள் சம்பளம் மட்டும், விழும் நாளுக்கு அந்த 200 ரூபா கிடைக்குமா என்பதுதான். பிள்ளைக்காம்பராவில் (தோட்டத்துக் குழந்தைகள் காப்பகத்தில்) விட்டுவந்த குழந்தைக்குக் காய்ச்சல் என்று ஆள் வந்து சொன்னால் தாய் மலையிலிருந்து பாதியில் இறங்கத்தான் வேண்டும். இறங்காமல் நின்று பறித்தாலும், கொழுந்து நிறுக்கும் மடுவத்தில் ஈரத்துக்கென்றும் சாக்குக்கென்றும் கிலோக்கணக்கில் கழித்த பிறகு அன்றைய முழுப்பேருக்கு, அதாவது முழுநாள் சம்பளத்துக்கு, உரிய தேயிலைக் கொழுந்து தேறாமல் போவதுண்டு. பணம் ஒதுக்கப்படுவதற்கு முன்பே இக்கேள்வியை எழுப்பக்கூடியவர்கள் அதை முடிவுசெய்யும் மேசையில் இருக்க வேண்டும் என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

பொது நிதி மீதான முழுக் கட்டுப்பாட்டையும் அரசியலமைப்பின் 148 ஆம் உறுப்புரை பாராளுமன்றத்திடமே ஒப்படைத்திருக்கிறது. அந்தப் பாராளுமன்றத்தின் 225 உறுப்பினர்களில் பெண்கள் பத்தில் ஒரு பங்கைக்கூட எட்டவில்லை. உள்ளூராட்சி சபைகளில் 2018 தேர்தல் முதல் நடைமுறையிலுள்ள 25 வீத ஒதுக்கீடு பாராளுமன்றத்துக்கு இல்லை. 1931 இலேயே சர்வசன வாக்குரிமை கண்ட நாட்டில், மலையகத் தமிழ்ப் பெண்கள் வாக்குகளால் தெரிவாகி அங்கு செல்ல 2024 வரை காத்திருக்க நேர்ந்தது. நுவரெலியாவிலிருந்து கிருஷ்ணன் கலைச்செல்வியும் பதுளையிலிருந்து அம்பிகா சாமுவேலும் தெரிவானதில் எங்களுக்குப் பெருமையே. ஆயினும் பெண் உறுப்பினர் என்றதும் மகளிர், சிறுவர் விவகாரங்களை மட்டும் அவர்களிடம் தள்ளிவிடும் வழக்கம் மாறாதவரை அந்தப் பெருமை அரைகுறையானதே. வரியும் ஒதுக்கீடும் துருவி ஆராயப்படுவது பாராளுமன்றத்தின் அரசாங்க நிதி பற்றிய குழுவில். பெண்கள் அங்கு கணிசமாக அமர வேண்டும்.

தோட்டங்களில் ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே நாட்சம்பளம் என்பது 1984 இல்தான் வந்தது. இன்றும், கவ்வாத்துக்கோ (தேயிலைச் செடியை வெட்டிச் சீராக்கும் வேலைக்கோ) மருந்தடிக்கோ போகும் ஆண் தன் கணக்கை முடித்துப் பிற்பகலிலேயே வீடு திரும்ப, அதே சம்பளத்துக்குப் பெண் மாலை நிறுவை வரை மலையில் நிற்கிறாள். ஏட்டில் சமமாகத் தெரியும் தொகைக்குள் இத்தனை வேற்றுமை இருக்கிறது என்பதை வரவு செலவுத் திட்ட உரையின் அட்டவணைகள் காட்டுவதில்லை.

ஆகவே, ஒவ்வொரு முன்மொழிவும் பெண்களின் வருமானத்திலும் உழைப்பு நேரத்திலும் என்ன மாற்றத்தை ஏற்படுத்தும் என்ற மதிப்பீடு திட்டத்துடன் சேர்த்தே சபையில் சமர்ப்பிக்கப்பட வேண்டும். நிதி தொடர்பான குழுக்களில் பெண்களுக்கெனக் குறிப்பிட்ட இடங்கள் பாராளுமன்றத்தின் நடைமுறை விதிகளான நிலையியற் கட்டளைகளிலேயே எழுதப்பட வேண்டும். எங்கள் இரு உறுப்பினர்களும், கட்சி வேறுபாடின்றி ஏனைய பெண் உறுப்பினர்களும், இக்கோரிக்கையை அடுத்த குழுநிலை விவாதத்துக்கு முன்னரே கையிலெடுக்குமாறு தங்கள் பத்திரிகை வாயிலாகக் கேட்டுக்கொள்கிறேன்.

வாசகி,
தலவாக்கலை.