பீடத்துத் துளைகள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

சென்ற இதழில் கலையின் பயன் குறித்து வெளியான கட்டுரையை இரண்டு முறை படித்தேன். பயன் என்ற நினைப்பு ஓய்ந்த இடத்தில்தான் கலை தொடங்குகிறது என்பது கட்டுரையாளரின் முடிவு. அடைய வேண்டும், எடுத்தாள வேண்டும் என்ற விருப்பம் இல்லாமல் பார்க்கும்போதுதான் ஒரு பொருளின் அழகு தெரியும் என்று 1790இல் ஜெர்மானியத் தத்துவ அறிஞர் காண்ட் எழுதியதை அவர் துணைக்கு அழைத்திருக்கிறார். அது அவர் உரிமை. ஆனால் அதற்கு எடுத்துக்காட்டாகச் சோழர் காலச் செப்புத் திருமேனிகளைக் காட்டியதைப் படித்தபின் என்னால் சும்மா இருக்க முடியவில்லை.

எனக்குத் திருவாரூர்ப் பக்கம். இளம் வயதில் ஊர்க் கோயிலில் சுவாமி தூக்கியிருக்கிறேன். தில்லிக்கு வேலைக்கு வந்து 41 ஆண்டுகள் ஆகின்றன. சென்ற மாதம் பேத்தியை அழைத்துக்கொண்டு இங்குள்ள அருங்காட்சியகம் ஒன்றுக்குப் போனேன். நடராசர் முன் அவள் நெடுநேரம் நின்றாள். தூக்கிய திருவடியை அல்ல, விரிசடையை அல்ல, குனிந்து பீடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "தாத்தா, இந்த ஓட்டைகள் எதற்கு?" என்று கேட்டாள். ராமகிருஷ்ணபுரம் மலை மந்திரில் உற்சவர் புறப்பாட்டை அவள் பலமுறை பார்த்திருக்கிறாள். ஆனால் அங்கே பீடம் பூவுக்குள் மறைந்துவிடும். அருங்காட்சியகத்தின் விளக்க அட்டையில் நூற்றாண்டு, உலோகம், உயரம் எல்லாம் இருந்தன. துளைகளைப் பற்றி ஒரு சொல் இல்லை. கழி கோத்துக் கட்டி, தோளில் ஏற்றி, சுவாமியை வீதிக்குக் கொண்டுபோவதற்கு என்று சொன்னேன். "அப்படியானால் இவர் வெளியே போய் எத்தனை நாள் ஆகிறது?" என்றாள்.

அந்தத் துளைகளைக் கழித்துவிட்டு இந்தத் திருமேனியை என்னவென்று பார்ப்பது? மெழுகில் உருவம் பிடிக்கும்போதே தூக்கிச் செல்லப்போகும் தோள்களும் ஸ்தபதியின் கணக்கில் இருந்திருக்கின்றன.

அதே சமயம், ஊரில் இருந்த காலத்தில் நான் நடராசரைப் பார்த்ததே இல்லை என்றுதான் சொல்ல வேண்டும். பட்டும் மாலையும் போக எஞ்சுவது முகமும் ஒரு திருவடியும்தான். முதுகில் சடை இறங்கும் விதத்தையும், பிடரிக்குப் பின்னுள்ள சிரச்சக்கரத்தையும், இடுப்பு உடையின் முடிச்சையும் தில்லிக்கு வந்த பிறகே, ஒரு காட்சிக்கூடத்தில் சுற்றி நடந்து பார்த்தேன். அந்த வகையில் காட்சிக்கூடத்துக்கு நான் நன்றி உடையவன். அன்று எழுந்த கேள்வி இன்றும் என்னை விடவில்லை. துணி சார்த்தினால் மறைந்துபோகும் முதுகை அந்த ஸ்தபதி ஏன் இவ்வளவு பாடுபட்டு முடித்தார்? வழிபாட்டுக்கு என்றால் முன்பக்கம் போதும். பார்வைக்கு என்றால், அபிஷேகம் செய்யும் குருக்களைத் தவிர அதைப் பார்ப்பவர் யார்? நடராசருக்கு அபிஷேகமே ஆண்டில் 6 நாள்தான்.

தேன்மெழுகும் குங்கிலியமும் சேர்த்துப் பிடித்த உருவத்தின் மேல் காவிரி வண்டலைப் பூசிக் காயவைத்து, சூடேற்றி மெழுகை வெளியேற்றி, அந்த வெற்றிடத்தில் உலோகத்தை ஊற்றுகிறார்கள். அச்சை உடைத்தால்தான் உருவம் வெளிவரும். அதே அச்சில் இன்னொன்று வார்க்க முடியாது. அப்படி ஒரே ஒரு முறை கிடைக்கும் வாய்ப்பில், எவரும் காணாத முதுகையும் குறை வைக்காமல் செய்தவர் தம் பெயரைக்கூடப் பொறித்து வைக்கவில்லை. அவர் தாம் செய்த பொருளுக்கே கடமைப்பட்டிருந்தார், பார்ப்பவருக்கு அல்ல என்பதே எனக்குத் தோன்றும் விடை. பயன் என்ற சொல்லாலும் இதை விளக்க முடியவில்லை, பயனின்மை என்ற சொல்லாலும் முடியவில்லை.

கலையின் மதிப்பு வடிவத்துக்குள்ளேயே அடங்கியிருக்கிறது என்பதையும் என்னால் ஏற்க இயலவில்லை. அரியலூர் மாவட்டம் ஸ்ரீபுரந்தான் கோயிலிலிருந்து திருடுபோன நடராசரை 2008இல் கான்பெராவிலுள்ள ஆஸ்திரேலிய தேசியக் கலைக்கூடம் 50 லட்சம் அமெரிக்க டாலர் கொடுத்து வாங்கியது. கோயிலில் இருந்தபோது புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் எடுத்து வைத்திருந்த புகைப்படம் உண்மையைக் காட்டிக்கொடுத்தது. 2014 செப்டம்பரில் ஆஸ்திரேலியப் பிரதமரே தில்லிக்குக் கொண்டுவந்து ஒப்படைத்தார். புகைப்படம் வெளிவந்ததால் அந்தத் திருமேனியில் ஒரு கீறலும் விழவில்லை. முதல் நாள் இருந்த அழகு மறுநாளும் இருந்தது. மதிப்பு முழுவதும் அழகில்தான் என்றால் எது மாறிப்போனது?

அது சொத்துரிமைச் சிக்கல், கலைச் சிக்கல் அன்று எனக் கட்டுரையாளர் சொல்லக்கூடும். பத்தூர் நடராசரை அவருக்கு நினைவூட்டுகிறேன். 1976இல் எங்கள் பக்கத்து மண்ணிலிருந்து வெளிப்பட்டு, கை மாறி, லண்டனில் பிடிபட்ட திருமேனி அது. அதற்காக அங்குள்ள நீதிமன்றத்தில், பாழடைந்து கிடந்த அந்தக் கோயிலின் பெயராலேயே வழக்காடினார்கள். கோயிலுக்கே வழக்காடும் தகுதி உண்டு என்று இங்கிலாந்து நீதிபதிகள் ஏற்றுக்கொண்டார்கள். 1991இல் அது திரும்பி வந்தது. அது என்ன பொருள் என்பதை விளங்கிக்கொண்ட பிறகுதான் அது யாருடையது என்ற கேள்விக்கும் அவர்களால் விடை காண முடிந்தது.

2023இல் ஜி-20 மாநாட்டுக்காக இங்கே தில்லியில் பாரத் மண்டபத்தின் முன் சுவாமிமலை ஸ்தபதிகள் செய்து நிறுத்திய 27 அடி நடராசரையும் போய்ப் பார்த்தேன். அதே மெழுகு வார்ப்பு முறை, வழிவழியாக வந்த அதே கைகள். வியந்தேன். ஆனால் அதை யாரும் தோளில் ஏற்றப் போவதில்லை என்ற எண்ணமும் கூடவே வந்தது. அதைவிட என்னை வருத்துவது, மீண்டு வந்த திருமேனிகள் பல சிலைப் பாதுகாப்பு மையங்களில் பூட்டுக்குள் இருப்பது. திருட்டு அச்சம் உண்மைதான். ஆயினும் அங்கே பார்ப்பவரும் இல்லை, தூக்குபவரும் இல்லை.

கட்டுரையாளர் அடுத்த முறை ஒரு செப்புத் திருமேனியைப் பார்க்கும்போது பின்னால் போய் நின்று பார்க்கட்டும், பிறகு குனிந்து பீடத்தையும் பார்க்கட்டும். அருங்காட்சியகங்களை நடத்துபவர்களிடம் தங்கள் இதழ் வழியாக ஒன்று கேட்டுக்கொள்கிறேன். அட்டையில் உயரத்துக்குக் கீழே இன்னும் இரண்டு வரிக்கு இடம் இருக்கிறது. எந்த ஊர்க் கோயில், எந்த விழாவில் புறப்பாடு என்பதை அங்கே எழுதுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
கரோல் பாக், புதுதில்லி