பூங்காப் பூச்சாண்டி மேல் கிடக்கும் தார்ப்பாயை எடுக்கக் கோரும் மனு

அனுப்புநர்: தண்ணீர்த் தொட்டித் தெரு மக்கள் சார்பில், ஓய்வுபெற்ற ஓவிய ஆசிரியர்
பெறுநர்: நகராட்சி ஆணையர் அவர்கள்
பொருள்: சிறுவர் பூங்காப் பூச்சாண்டிச் சிலையைப் பழுதுபார்த்துத் திறந்துவிடுவது தொடர்பாக.
பார்வை: எங்கள் முந்தைய மனுக்கள் மூன்று.

மதிப்பிற்குரிய ஐயா, வணக்கம்.

ரேஷன் கடைக்கு எதிர்ப் பூங்கா தாங்கள் அறிந்ததே. போன மாதம் அதன் வாசலில்தான் தங்கள் ஜீப் நின்றது.

1. 'உனக்கு எதைக் கண்டால் பயம்?' என்று பிள்ளைகளிடம் கேட்டு வரையச் சொன்னோம். பாதிப் பேர் கோணிப்பை தூக்கிய பூச்சாண்டியை வரைந்தார்கள். ஒருத்தி மூன்று கண் வைத்தாள், ஒருவன் மாட்டுக்கொம்பு வைத்தான். எல்லாவற்றையும் சேர்த்து, கோயிலில் சுதை வேலை செய்பவர் கம்பி கட்டி சிமெண்டில் செய்து கொடுத்தார். வாய்க்குள் நுழைந்து கோணிப்பை வழியாகச் சறுக்கி வரலாம். திறந்த அன்றே மூக்கைப் பிடித்து ஏறிவிட்டார்கள்.

2. மழைநீர் இறங்கிக் கம்பி துருப்பிடித்து, சிமெண்ட் பெயர்ந்தது. அப்போது மூடியது சரிதான்.

3. ஆனால் மூடிப் பதினான்கு மாதம் ஆகிறது ஐயா. கறுப்புத் தார்ப்பாய். காற்றடித்தால் மூச்சு விடுவதுபோல் உப்பி அடங்குகிறது. ஒரு கயிறு அறுந்து இரவெல்லாம் படபடவென்று அடித்துக்கொள்கிறது. தெருவிளக்கும் எரிவதில்லை. டியூஷன் முடிந்து எட்டு மணிக்கு வரும் பிள்ளைகள் இதற்குப் பயந்து மெயின் ரோட்டில், லாரிகளுக்கு நடுவே சுற்றிப் போகிறார்கள். மூன்று கண் வரைந்த அதே பெண் கேட்கிறாள்: "சார், உள்ள இப்ப யாரு இருக்கா?" நீ வரைந்த பூச்சாண்டிதானே என்றால், "அவன் இல்ல சார், அவனை எனக்குத் தெரியும்" என்கிறாள். நான் என்ன பதில் சொல்ல? தாங்களே சொல்லுங்கள்.

4. சிலை பயமுறுத்துகிறது, இடித்துவிடலாம் என்று அலுவலகத்தில் பேச்சாம். 1972இல் ஜெருசலேம் பூங்கா ஒன்றில், மூன்று சிவப்பு நாக்குகளே சறுக்குமரமாக இருக்கும் பூதத்தை நிக்கி த சான் ஃபால் என்ற சிற்பி செய்தபோதும் பிள்ளைகளைப் பயமுறுத்தும் என்றுதான் சொன்னார்கள். பிள்ளைகள் இன்றும் அதில் சறுக்குகிறார்கள். அவ்வளவு தூரம் ஏன்? நம் ஊர் எல்லையில் முனி அரிவாளோடு உட்கார்ந்திருக்கிறார். அவர்மேல் தார்ப்பாய் போட யாருக்காவது தைரியம் உண்டா?

முதல் மனுவுக்கு ஒப்புகைச் சீட்டு கிடைத்தது. இரண்டாவதுக்கு 'பரிசீலனையில் உள்ளது'. மூன்றாவதுக்கு அதுவும் இல்லை. துருவைச் சுரண்டிப் பூசினால் தீரும் வேலை. எஸ்டிமேட்டும் முதல் மனுவிலேயே இணைத்திருந்தோம்.

பழுதுபார்க்க நாளாகும் என்றால் சரி, சுற்றிலும் வேலி போட்டுவிட்டுத் தார்ப்பாயை மட்டுமாவது எடுக்கச் சொல்லுங்கள் ஐயா. மறுபடியும் கேட்கிறேன், எடுக்கச் சொல்லுங்கள். அவன் முகம் தெரிந்தால் போதும்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
தெரு மக்கள் சார்பில்
(நான்காம் முறையாக)