அடிக்கனம் கூடினாலும் வம்புதான்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நாகையிலிருந்து காங்கேசன்துறைக்குக் கப்பலில் போய்வந்த வாசகர் ஒருவரின் கடிதத்தைச் சென்ற ஞாயிறு உங்கள் இதழில் படித்தேன். பயணம் அவருக்குப் பிடித்திருக்கிறது, ஆட்டம்தான் பிடிக்கவில்லை. "தஞ்சாவூர்ப் பொம்மை மாதிரி அடியில் நல்ல கனத்தை வைத்துவிட்டால் கப்பல் ஆடாதே, இதைக்கூடவா யோசிக்க மாட்டார்கள்?" என்று முடித்திருந்தார். கப்பலில் எதை எங்கே ஏற்றுவது என்ற கணக்கைப் போட்டே பிழைத்தவன் நான். பேசாமல் இருக்க முடியவில்லை.

அந்தப் பொம்மையை அவர் இன்னொரு தடவை தட்டிப் பார்க்கட்டும். கவிழாது, சரி. ஆனால் எப்படி ஆடுகிறது? வெடுக் வெடுக்கென்று. கனம் கூடக் கூட அந்த வெடுக்கும் கூடும்.

கப்பல் ஒரு பக்கம் சாய்ந்தால் அந்தப் பக்கம் கூடுதலாக அமிழும். மிதப்பு விசையும் அந்தப் பக்கம் நகர்ந்து கப்பலை நிமிர்த்தும். அந்த விசை மேலே போகும் கோடு, கப்பலின் நடுக்கோட்டை வெட்டும் புள்ளிதான் மெட்டாசென்டர். பிரெஞ்சு அறிஞர் பியர் பூகே 1746இல் வெளியிட்ட நூலில் இதை விளக்கியிருக்கிறார். கப்பலின் ஈர்ப்பு மையம் அந்தப் புள்ளிக்கு எவ்வளவு கீழே இருக்கிறதோ, அந்தத் தூரத்தை நாங்கள் ஜி.எம். என்போம். அகலத்தை 0.8ஆல் பெருக்கி, ஜி.எம்.மின் வர்க்கமூலத்தால் வகுத்தால், கப்பல் ஒரு முறை இப்படியும் அப்படியும் ஆடிவர எத்தனை வினாடி ஆகும் என்பது ஏறக்குறையத் தெரிந்துவிடும். 25 மீட்டர் அகலக் கப்பலில் ஜி.எம். 1 மீட்டர் என்றால் 20 வினாடி. அடியில் கனத்தை வைத்து அதை 4 மீட்டராக்கினால் 10 வினாடி. நேரம் பாதியாகிவிட்டதல்லவா? அதே அளவு சாய்ந்தாலும் மேல்தளத்தில் நிற்பவரைப் பிடித்து இழுக்கும் முடுக்கம் இப்போது நான்கு மடங்கு.

விசாகப்பட்டினத்தில் இரும்புத்தாது ஏற்றிக்கொண்டு ஜப்பானுக்குப் போவோம். ஹோல்டு, அதாவது சரக்கறை, பாதிகூட நிரம்பியிருக்காது, அதற்குள் கப்பல் முழுப் பாரம் கண்டுவிடும். மொத்தக் கனமும் அடியில். இப்படிப்பட்ட கப்பலை 'ஸ்டிஃப்' என்போம். ஒரு பக்கம் சாய்ந்து முடிப்பதற்குள் மறுபக்கம் இழுத்து அடிக்கும். சாப்பாட்டு மேசை விரிப்பை நனைத்துப் போட்டால்தான் தட்டு நிற்கும். மெத்தையின் வெளி ஓரத்துக்கு அடியில் லைஃப் ஜாக்கெட்டைச் செருகி, சுவரோரம் பள்ளமாக்கி, அதற்குள் முதுகைக் கொடுத்துப் படுப்போம். அப்போதும் தூக்கம் என்று சொல்ல முடியாது. இதற்காகவே பல தாதுக் கப்பல்களில் ஒன்றுவிட்டு ஒன்றாக ஹோல்டுகளைக் காலியாக விடுவார்கள். மற்றவற்றில் குவியல் உயரும், ஈர்ப்பு மையமும் மேலே ஏறும். வாசகரின் யோசனைக்கு நேர் எதிர்!

ஆளுக்கு மட்டுமா அவதி? 2019 ஜனவரி 1ஆம் தேதி இரவும் மறுநாளும், நெதர்லாந்துத் தீவுகளுக்கு வடக்கே 'எம்எஸ்சி ஸோ' என்ற கப்பலிலிருந்து 342 கன்டெய்னர்கள் கடலில் போயின. கப்பலின் அகலம் 59 மீட்டர். அகலம் கூடினாலே மெட்டாசென்டர் உயர்ந்துவிடும், அடியில் கனம்கூட வேண்டியதில்லை. நிமிர்த்தும் பலம் மிகுந்ததால் வந்த வேகமான ஆட்டத்தையும் விசாரணையில் ஒரு காரணமாகச் சொன்னார்கள்.

கனமே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. 1628இல் ஸ்டாக்ஹோமில், மேல்பாரம் மிகுந்த 'வாசா' என்ற போர்க்கப்பலைச் சோதிக்க 30 பேரைத் தளத்தில் இக்கோடிக்கும் அக்கோடிக்கும் ஓடவிட்டார்கள். ஆட்டத்தைப் பார்த்துப் பயந்து பாதியில் நிறுத்தினார்கள். அப்புறமும் துணிந்து அனுப்பிவைத்தார்கள். சுமார் 1,300 மீட்டர் போனது. ஒரு காற்றில் சாய்ந்தது, பீரங்கி வாசல் வழியாகத் தண்ணீர் புகுந்தது, அவ்வளவுதான்.

தளத்தில் மரம் ஏற்றும் கப்பல்களுக்கும் இந்தப் பயம் உண்டு. மேலே மரம் தண்ணீர் குடித்துக் கனக்கும். அடித்தொட்டியில் எண்ணெய் செலவாகிக் குறையும். புறப்பட்டபோது இருந்த ஜி.எம். போய்ச் சேரும்போது இருக்காது. எங்கள் வீட்டு முகப்பில் நிற்கும் பர்மாத் தேக்குத் தூண்களைப் பார்த்தால் எனக்கு இந்தக் கணக்குத்தான் முதலில் ஞாபகம் வரும், அழகெல்லாம் பிறகு. எங்கள் ஐயா ரங்கூனுக்குக் கொண்டுவிற்கப் போனவர். கப்பல் சாய்ந்தால் யோசித்து யோசித்துத்தான் நிமிரும் என்பாராம். பயணிகள் கப்பல்களில் ஜி.எம்.மை அளவாக வைப்பதே ஜனங்கள் சிரமப்படாமல் இருக்கத்தான்.

ஆட்டத்தை உண்மையிலேயே குறைப்பது வேறு. கப்பலின் அடிவயிறு வளையும் இடத்தில் இருபுறமும் நீளமாக ஒரு தகடு ஓடும், பில்ஜ் கீல் என்று பெயர். அது தண்ணீரைச் சுழலவைத்து ஆட்டத்தின் சக்தியை உறிஞ்சிவிடும். ஆங்கிலப் பொறியாளர் வில்லியம் ஃப்ரூட் 1870களிலேயே 'கிரேஹவுண்ட்' கப்பலில் சோதித்துக் காட்டியது இது. அடுத்தது கேப்டனின் கையில் இருக்கிறது. அலை வந்து தாக்கும் இடைவெளியும் கப்பலின் சொந்த ஆட்ட நேரமும் ஒத்துப்போனால், சாதாரண அலையே படுத்தி எடுத்துவிடும். அப்போது திசையையோ வேகத்தையோ கொஞ்சம் மாற்றினால் போதும், அந்தப் பொருத்தம் கெட்டுவிடும்.

பாக் நீரிணையில் அலைகள் குட்டையாக, அடுத்தடுத்து வரும். சிறிய கப்பலின் ஆட்ட நேரமும் குறைவு. ஆகவே ஆட்டம் இருக்கத்தான் செய்யும். வாசகர் அடுத்த தடவை போகும்போது கப்பலின் நீளவாக்கில் நடுவே, கூடியவரை கீழ்த்தளத்தில் இடம் கேட்டு வாங்கட்டும். அங்கே இழுப்பு குறைவு. வடகிழக்குப் பருவமழை நேரத்தில் "இன்றைக்குக் கப்பல் கிடையாது" என்று சொன்னால் சண்டை போடாமல் ஊருக்குத் திரும்பி வரட்டும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கப்பல் அதிகாரி ஒருவர்,
தேவகோட்டை.